நாங்குநேரி மழைமானி

நேற்று மதியம் மூன்றுக்கு வந்தது விமானம்.
மலையாளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக்
களக்காட்டு மலையேறி இளைத்துவந்த மேகத்துக்கு
உப்புப்பொடி ஊட்டிவிட்டுப் போனது.

காலை எட்டரைக்கு
தாலுகா ஆபீஸ் முற்றத்து மழைமானியைத் திறக்கிறேன்:
நாலு மில்லிமீட்டர்,
மிதக்கும் ஒரு கட்டெறும்பு.

"நாம போட்ட மழையா, தானா பெஞ்சதா?"
போனில் தேவஇரக்கம் சார்.

அது தெரியணும்னா, சார்,
அதே மேகம், அதே காத்து, அதே மூணு மணி,
விமானம் மட்டும் வராத
இன்னொரு நேத்து வேணும்.

லைனில் இரைச்சல்.
"சரி, எழுதிக்கிடும்மா."

பதிவேட்டில் காரணத்துக்குக் கட்டம் இல்லை.
4.0 என்று எழுதினேன்.
கொட்டுமுன்
எறும்பை ஊதித் தள்ளிவிட்டு
ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன்.
கரிக்கவில்லை.
கடலிலிருந்து நேரே வந்திருந்தாலும்
கரித்திருக்காதுதான்.