சில்லறைக்கு ஓர் ஆறு

நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது.
டிப்போ மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாள்
ஃப்ரிட்ஜ் கதவில், கேஸ் ரசீதுக்குப் பக்கத்தில்.
எப்சிபாவின் அண்ணன் தன் ஆம்னியைத் தருவதாகச் சொல்லிவிட்டார்.
ஆறு வேண்டும் என்கிறாள் அவள்.
எனக்கு மலை.
கூடாரத்தில்தான் படுப்பது என்பதில் சண்டையில்லை.
சில்லறை எதுவும் சொல்லவில்லை.
அயனாவரம், மூன்றாம் மாடி, பால்கனிக் கம்பிக்கு வெளியே
மூக்கை நீட்டிக்கொண்டு
கீழே போகிற தண்ணி லாரியைத்
தன் சொந்த லாரி மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆறு வருஷத்தில் அதற்குத் தெரிந்த ஆறு
ஓட்டேரி நல்லா.
தெரிந்த மலை
காற்று திரும்பினால் மூக்குக்கு மட்டும் எட்டுகிற
கொடுங்கையூர்க் குப்பைமேடு.

முதல் போன் ஏலகிரிக்கு.
"நாய் அலவ்டு சார். என்ன பிரீடு?"
நாட்டு நாய் என்றேன்.
கொஞ்ச நேரம் அங்கே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்.
"ஓனரைக் கேட்டுச் சொல்றேன் சார்."
பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கொல்லிமலையை நானே விட்டுவிட்டேன்.
எழுபது கொண்டை ஊசி வளைவு.
பெரம்பூர் பாலம் ஏறி இறங்கினாலே
சில்லறை வாந்தி எடுக்கும்.

ஆனைமலை அடிவாரத்தில் ஒருவர், நல்ல மனுஷர்,
"தாராளமா கூட்டிட்டு வாங்க.
ராத்திரி மட்டும் வெளியில கட்டிறாதீங்க,
சிறுத்தைக்கு நாய்னா..."
முடிக்கவில்லை.
முடிக்காத வாக்கியத்துக்கு நன்றி சொல்லி வைத்தேன்.

காவிரிக்கரையில் ஓரிடம். கூடாரத்திலிருந்து இருபதடியில் தண்ணீர்.
முதலை உண்டா என்று கேட்டேன்.
"நான் பார்த்ததில்ல சார்."
எப்சிபா நோட்டில் எழுதினாள்:
பார்த்ததில்லை, இல்லை, இரண்டும் வேறு.

அடுத்த ஆள் மூச்சுவிடாமல் சொன்னார்:
"நாய்க்கு இடமில்ல. ரூல்ஸ்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
விசில் தொங்குகிற கழுத்திலிருந்து வருகிற குரல்.
பதினோரு வருஷம் முன்னால், டவுட்டன் ஸ்டாப், மழை.
ஒயர்கூடைமேல் துண்டு போர்த்தி ஒருவர் ஏறினார்.
பத்து ரூபாய் நோட்டை நீட்டினார்.
டிக்கெட்டைக் கிழித்த பிறகுதான்
துண்டு அசைந்தது.
அதுக்கும் ஒண்ணு போட்டுக்கோங்க என்றார்.
நாய் ஏறக்கூடாது, ரூல்ஸ், எறங்கு என்றேன்.
இறங்கினார்.
டபுள் விசில் கொடுத்தேன்.
எங்கே போகப் பார்த்தார் என்று கேட்கவில்லை.
பாக்கி நாலு ரூபாய்
என் தோல்பையிலேயே தங்கிவிட்டது.

இந்தப் பேர் ஏன் என்று யாராவது கேட்டால்
டிப்போவில் கிடைச்சது,
கண்டக்டர் வீட்டு நாய்க்கு வேறென்ன பேர் வைப்பாங்க
என்பேன்.

கடைசியாக ஜவ்வாதுமலை. எடுத்தது ஒரு பெண்.
பின்னால் குக்கர் விசில் இரண்டு.
"நீச்சல் தெரியுமா?"
தெரியாதுங்க. எனக்கும் தெரியாது.
"முழங்கால் தண்ணிதான் ஓடுது. கல்லு வழுக்கும்,
ரெண்டு பேரும் பார்த்து எறங்குங்க.
ஆடு மேயற இடம், சங்கிலி மட்டும் மறக்காதீங்க."

படிவம் அனுப்பினார்கள். இனம் என்ற கட்டத்தில்
லாப்ரடார், பக், பீகிள், ராஜபாளையம்
எல்லாவற்றுக்கும் கீழே: மற்றவை.
எப்சிபா அதில் டிக் அடித்தாள்.
கொஞ்சம் அழுத்தித்தான் அடித்தாள்.

சங்கிலி, தடுப்பூசி அட்டை, தயிர்சாதத்துக்கு எவர்சில்வர் கிண்ணம்.
பாலமே இல்லாமல் இந்த ஊரைவிட்டு வெளியேற
ஒரு வழி உண்டா என்று
என் வண்டி டிரைவர் தணிகாசலத்தைக் கேட்டேன்.
இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்,
ஐந்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.
"பழைய பேப்பர் எத்தனை கிலோ இருக்கு வீட்ல?"