பசியாறியாச்சா, மிஸ்ஸி

துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய், தவமலர்.
ஏழு நிமிடம்.
வெளியே நின்று
துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தேன்,
யாரும் உன்னைத் தேடி வந்துவிடக் கூடாதென்று.

வெள்ளத்தின் மூன்றாம் நாள்.
பகாவ் சாலை தண்ணீருக்கடியில்.
மாற்றுப் பணிக்கு வரவேண்டியவர்கள்
பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று
போனில் மன்னிப்புக் கேட்டார்கள்.
நீயும் நானும் சிஸ்டர் ரொஹாயாவும்
முப்பத்தொரு கட்டில்களும்.
ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம்
மூவரும் ஒன்றாக விளக்கைப் பார்த்தோம்.

ஆறாம் கட்டில் சடையன்
விடியுமுன் போனார்.
முப்பது வருடம் அண்ணாந்து குலை அறுத்த கழுத்து
தலையணையில் நேராகப் படுக்க மறுத்தது.
மகன் ஜொகூரில்.
போனை அவர் காதோரம் பிடித்திருந்தாய்,
நாற்பது நிமிடம், கை மாற்றாமல்.
"வந்துர்றேன்ப்பா, தண்ணி வடிஞ்சதும் வந்துர்றேன்"
அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது,
கேட்கிறவர் போன பிறகும்.
நீ துண்டிக்கவில்லை.
அவன் பேசி முடிக்கட்டும் என்று
கண்ணால் என்னைத் தடுத்தாய்.

பிறகு அவரைத் துடைத்தோம்.
நீ வெந்நீர் கேட்டாய்.
இனி அவருக்குச் சூடு தெரியுமா என்று
நான் கேட்கவில்லை.
கட்டை விரலடியில் செம்பனை முள் ஒன்று,
பழையது, தோலோடு தோலாகிப் போனது.
அதைத் தொட்டுப் பார்த்தாய்.
அப்போதுதான் எழுந்து துணி அறைக்குப் போனாய்.

வெளியே வந்து சொன்னாய்:
"மேகன், எனக்குச் சாமி கும்பிட வரல.
மூணு நாளா ஒரு சொல்லும் வரல."

எனக்குத் தத்துவம் தெரியாது.
ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்.
எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கும்,
அது தெரியும்.
ஆனால் உன்னைப் பார்த்திருக்கிறேன்,
பின்னிரவு மூன்று மணிக்கு,
டார்ச்சை உள்ளங்கையால் பாதி மூடி,
யாரோ ஒருவர் நெஞ்சு ஏறி இறங்குவதை
ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவாய்.
உதடு அசையும்.
பதினாறு, பதினேழு, பதினெட்டு.
எந்தப் பூசாரியிடமும்
அவ்வளவு கவனத்தை நான் கண்டதில்லை.
இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

டிராக்டர் சத்தம்.

குலை ஏற்றும் தொட்டியில்
எட்டு ஆக்ஸிஜன் சிலிண்டர்,
ஈரச் சாக்கு சுற்றி.
ஓட்டி வந்தவன் ரொபியுல்.
பிப்ரவரியில் அரிவாள் நழுவி
விரல் தொங்க வந்தானே,
பதினோரு நாள் கட்டு மாற்றினாயே, அவன்.
அந்தக் கையால்தான் ஸ்டியரிங்கை வளைத்து வளைத்து
தண்ணீருக்குள் தோட்டப் பாதையைத் தடவி
நான்கு மணி நேரம் வந்திருக்கிறான்.
சேற்று பூட்ஸோடு உள்ளே வரமாட்டேன் என்று
வாசலிலேயே நின்றான்.
சிவப்புப் பிளாஸ்டிக் பையை நீட்டி,
டாக்காவில் பிறந்த நாக்கால்
தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டான்:
"பசியாறியாச்சா, மிஸ்ஸி?"

மீஹூன்.
சடையன் வீட்டம்மா இரவெல்லாம் விழித்துக் கிளறியதாம்.
நமக்கு மூன்று பொட்டலம்.
காரம் போடாதது தனியாக ஒன்று,
மேலே பேனாவால் 6.

நீ அழவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.
வாசலுக்கு இறங்கி, வெறும் காலோடு சேற்றில் நின்று
அவனிடம் மெதுவாகச் சொன்னாய்.
தொப்பியைக் கழற்றினான்.
"போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வா.
அவங்க வர்ற வரைக்கும்
அவரை எங்கயும் நகர்த்த மாட்டேன்னு சொல்லு."
திரும்பவும் நான்கு மணி நேரமா என்று
அவன் கேட்கவில்லை.
டிராக்டரைத் திருப்பினான்.

பிறகு நாம் தின்றோம், நின்றபடியே.
ஆறாம் எண் பொட்டலத்தை நீ பிரிக்கவில்லை.
அவர் தலைமாட்டு மேசையில்
சூடு ஆறாமல் துணி சுற்றி வைத்தாய்.

ஒன்பதாம் கட்டில் கூப்பிட்டது.
குனிந்தாய், கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தாய்.
சிலிண்டரைத் தோளில் சாய்த்தபடி
நானும் பக்கத்தில் நின்றேன்.
இருபத்திரண்டு, இருபத்துமூன்று...
உன் உதடு அசைந்தது.
என்னுடையதும்.