ஞானசோதிக்கு ஒன்றும் வாங்கவில்லை

பெட்டியைத் திறந்ததும்
முதலில் வந்தது ஆஸ்பத்திரி மணம்.
அதற்குப் பின்னால்தான் சென்னை.

பத்தொன்பது நாளில்
பதினெட்டரை அப்பாவின் நெஞ்சுக்குப் போயிற்று.
மிச்சமிருந்த அரை நாளில்
பாண்டி பஜாரின் ஒரு பக்கத்தை மட்டும் நடந்தேன்.
மறுபக்கம் போக வாகனங்கள் விடவில்லை.

"அசல் அக்கா, அசல்" என்று
கூப்பிட்ட எவரிடமும்
எதனுடைய அசல் என்று கேட்க நேரமில்லை.
கைக்குள் இந்தியக் காசு
எண்ணி எண்ணி ஈரமாகியிருந்தது.
"சிலோனா?" என்றான் பட்டுக்கடைப் பொடியன்.
மட்டக்களப்பு என்றேன்.
"யாழ்ப்பாணத்துல அது எங்க?" என்றான்,
நூறு ரூபாய் குறைத்தான்.

களுவாஞ்சிகுடியில்
பெட்டியைச் சுற்றி எல்லோரும் குந்தியிருக்கிறார்கள்.
தங்கச்சிக்குப் பட்டு.
மச்சான் சதானந்தம்
முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி
நெருப்புக்குச்சியைக் காட்டினார்.
மயிர் கருகிய மணம் வந்தால் பட்டு.
பிளாஸ்டிக் மணம் வந்தால்
நான் ஏமாந்தவள்.
எல்லோரும் குனிந்து மணந்து பார்த்தோம்.
எனக்கு ஆஸ்பத்திரிதான் மணந்தது.
மச்சான் தங்கச்சியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு
"பட்டுத்தான்" என்றார்.

பெரியம்மாவுக்குச் சந்தன யானை.
"ஒரு கிழமைக்கு மணக்கும்,
பிறகு யானை மட்டும் நிற்கும்"
என்று சிரித்தபடி மடியில் கட்டிக்கொண்டாள்.

மருமகனுக்குத் தலையாட்டிப் பொம்மை.
கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸில்
உடையாமல் என் மடியில் இருந்தது.
பொலன்னறுவை தாண்டியதும்
பள்ளத்துக்குப் பள்ளம்
ஓம் ஓம் என்று ஆட்டியது.
வெலிக்கந்தையில் அப்பா கண் விழித்தார்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"டொக்டர் சொன்ன எல்லாத்துக்கும்
நீயும் இப்பிடித்தான்" என்றார்.

அப்போதுதான் வாசலில் ஞானசோதி,
கையில் கடகம்.
"உங்கட கோழி அம்பத்திரெண்டு முட்டை இட்டது கா.
ஏழு நாங்க திண்டது.
ஒரு கோழியக் கீரி கொண்டுபோயிற்று.
எல்லாம் இந்தக் கொப்பியில இருக்கு."

நான் எழுதிக்கொண்டு போன பட்டியலில்
பதினாறு பேர் இருந்தார்கள்.
அவள் இல்லை.
பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன்.
பட்டு வந்த பை அகப்பட்டது:
கருஞ்சிவப்புத் துணி, பொன் எழுத்து,
வாய்க்குச் சிப், அடியில் ரெண்டு போன் நம்பர்.
"இது உனக்கு, பையாகவே வாங்கினது."

அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.
முதலாவது அப்பாவுக்கு.

பட்டு அலுமாரியில் கிடக்கிறது,
ஒரு கலியாணமும் அதற்குச் சரிவரவில்லை.
பொம்மையின் தலையை மருமகன்
வாவியில் மிதக்கவிட்டுப் பார்த்தான்.
பைதான் ஊர் சுற்றியது.
சனிக்கிழமைச் சந்தை,
கிளினிக், பள்ளிக்கூடக் கூட்டம்,
பட்டிருப்புப் பாலத்தடியில் கூனி இறால்.
'பட்டு மாளிகை' யில் 'ப' உதிர்ந்து
'ட்டு மாளிகை' ஆனபிறகும்
அதை மடித்து வைக்காமல்
எழுத்து வெளியே தெரியப் பிடிப்பாள்.

நேற்றுப் பின்னேரம் வேலிக்கு மேலால் சொன்னாள்:
"கோல் எடுத்தன் கா."
ஆருக்கு?
"உங்கட கடைக்கு, பையில இருக்கிற நம்பருக்கு.
ஒரு பிள்ளை எடுத்து, என்ன மேடம் வேணும் எண்டாள்.
ஒண்டும் வேணாம், பை நல்லாயிருக்கு
எண்டு சொல்லத்தான் எடுத்தன் எண்டன்.
அவள் சிரிச்சுப்போட்டு,
பை விக்கிறதில்ல மேடம்,
சீலை எடுத்தா சும்மா குடுக்கிறது எண்டாள்."

வேலிக் கம்பியில் காகம் ஒன்று இருந்தது.
நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல பிள்ள, உனக்குத் தெரியாது,
இது எனக்கெண்டு வாங்கினது
எண்டு சொல்லிற்று வெச்சிட்டன்."

பிறகு, அப்பாவுக்கு எப்படி என்று கேட்டாள்.
அவளுக்கு மட்டும்
உள்ளதைச் சொன்னேன்.