பெருக்கெண்

டொக்யாட் சம்பளக் கந்தோரில்
அந்தப் புரட்டாதி முழுவதும்
எனக்கு ஒரே வேலை:
துரைமார் இழக்கப்போகும் காலத்தைப்
பவுணும் சிலிங்குமாய் மாற்றுவது.

லண்டனிலிருந்து வந்த அட்டவணையில்
இடப்பக்கம் வயது,
வலப்பக்கம் பெருக்கெண்.
இருபத்தைந்துக்குச் சொற்பம், இன்னொரு வேலை தேடலாம்.
ஐம்பத்தைந்துக்கும் சொற்பம், எப்படியும் வீட்டுக்குப் போகிறவர்.
நாற்பத்தொன்றுதான் உச்சி.
மனிதன் ஆகக்கூட இழக்கிற வயது அது என்று
மழைநாட்டில் யாரோ
மேசையில் இருந்து கண்டுபிடித்திருக்கிறார்.

ஸ்டோர்ஸ் ஹெஸ்கெத் துரைக்கு
நாற்பது வயதும் பத்து மாதமும்.
கொடி இறக்கும் திகதியைத்
தள்ளிப்போட வழியுண்டா என்று கேட்டார்.
பகிடி என்றுதான் நினைத்தேன்.
மறுநாளும் கேட்டார்.

கோட்டைப் புற்றரையிலிருந்து வழிதவறிய மான் இரண்டு
சைக்கிள் கொட்டிலில் நின்று
பழைய படிவங்களைத் தின்றுகொண்டிருந்தன.

மூன்றாம் தரம் கூட்டிப் பார்த்தேன்.
துரைக்குப் பதினொரு பவுண் குறைத்துப் போட்டிருக்கிறேன்.
ஒருவரும் பிடிக்கப்போவதில்லை.
கோணேசர் கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும்
விளக்கடியில் இருந்து திருத்தினேன்.
கணக்குப் பிழைத்தால் எனக்கு நித்திரை வராது.
அதை விசுவாசம் என்று துரை எடுத்துக்கொண்டார்.

பொயிலர் தட்டுகிற குஞ்ஞம்பு
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.
பதினாறு வயதில் தலசேரியிலிருந்து
கப்பலேறியவன், காது பாதி செத்துவிட்டது.
"ஐயா, எனக்கு எந்த வரி?"
கடைசித் தாளின் கடைசி வரியைக் காட்டி
அவன் காதருகே உரக்கச் சொன்னேன்:
உள்ளூரில் சேர்த்துக்கொள்ளப்பட்டோர், பொருந்தாது.
தலையாட்டினான்.
"பொருந்தாது என்றால்
எவ்வளவு வரும்?"

ஐப்பசி பிறந்தால் எனக்கும் நாற்பத்தொன்று.
எல்லாரும் சோற்றுக்குப் போன நேரம்
பென்சிலால் எழுதினேன்:
மு. கோணாமலை, கிளாக்கர், இரண்டாம் வகுப்பு.
என் சம்பளத்தை
அவர்களுடைய உச்சி எண்ணால் பெருக்கினேன்.
வந்த தொகையில் உப்புவெளியில் ஒரு வளவு,
மூத்தவளுக்குச் சீதனம்,
மிச்சத்தில் ஒரு றலி சைக்கிள்.
சைக்கிளுக்கு நிறம்கூடத் தெரிந்துவிட்டேன், பச்சை.

பிறகு தாளைக் கிழித்து
யன்னலால் நீட்டினேன்.
சின்ன மான் முகர்ந்து பார்த்து
மென்றது, அவசரமில்லாமல்.

நான் அழுத்தி எழுதுகிறவன்.
அதற்கு அடுத்த தாளில்தான்
ஹெஸ்கெத் துரையின் நல்ல பிரதியை எடுத்து
உறையிலிட்டு, அரக்கு வைத்து அனுப்பினோம்.
லண்டனில் யாராவது அதைச் சாய்த்து
வெளிச்சத்தில் பிடித்தால்
துரையின் எண்களுக்குக் குறுக்கே
மையில்லாமல் கிடக்கும்
ஒரு பெயரும் ஒரு தொகையும்.
கூட்டல் சரியாக இருக்கும்.