முட்டைக்கு இரண்டு ஃபோரின்ட்

குதிரைமசால் பூக்கிற வாரம்தான்
அவையும் அடைக்கு உட்காரும்.
தேதியை யாரும் தள்ளிவைக்க முடியாது.
மசால் முற்றினால் மாடு முகம் திருப்பும்,
பெட்டை எழுந்தால் முட்டை குளிர்ந்துபோகும்.
டீஸா ஆறு தடம் மாறிப் போன பள்ளத்தில்
கூட்டுப்பண்ணைக்கு நூற்றுப்பத்து ஹெக்டேர்.
அதில் பெலாரஸ் டிராக்டர் ஓட்டுகிறவன் நான்.

வண்டியின் முன்கம்பியில் சங்கிலிகள் தொங்கும்,
சலசலப்பில் ஃபெசன்ட்கள் பறந்துவிடட்டும் என்று.
சேவல் பறக்கும்.
செம்பு மார்பு, பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம்,
சம்பள நாளில் மதுக்கடைக்குப் போகிறவனின் மிடுக்கு.
நாலைந்து பெட்டைக்கு அவன் ஒருவன்.
அடையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்ததில்லை.

பெட்டை பறக்காது.
காய்ந்த புல்லின் நிறத்தில்
இன்னும் கொஞ்சம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.
அதற்குத் தெரிந்த ஒரே தந்திரம்
அசையாமல் இருப்பது.
பருந்திடம் அது செல்லும். சில நாள் நரியிடமும்.

ஜூன் ஆறு.
கத்தி ஏதோ மெத்தென்றதைக் கடந்தது,
டிராக்டர் குலுங்கக்கூட இல்லை.
இறங்கிப் பார்த்தேன்.
பதினோரு முட்டை, காய்ந்த பாசி நிறம்,
ஒன்றும் உடையவில்லை.
மற்றதை நான் சொல்லப்போவதில்லை.

தொப்பியில் அள்ளி, தொப்பியைச் சட்டைக்குள் செருகி,
மூன்று கிலோமீட்டரையும் முதல் கியரில் போனேன்.
மேற்பார்வை கால்னோகி வரப்பிலிருந்து கை காட்டினார்.
நிறுத்தவில்லை.

எதெல்கா ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்தாள்.
உள்ளே சிவப்பு நரம்பு, ஒரு துடிப்பு.
"இருபத்து மூன்றில் பதினைந்து நாள் ஓடியிருக்கிறது."
நோட்டில் எழுதினாள்: பதினொன்று, இருபத்திரண்டு ஃபோரின்ட்.
கையெழுத்துப் போட்டேன்.
முட்டைகளை ஒரு வான்கோழியின் அடியில் தள்ளினாள்.
அது யாருடையது என்று கேட்கவில்லை.

எட்டாம் நாள் ஒன்பது பொரிந்தன.
முதுகில் கோடு போட்ட குஞ்சுகள்,
ஈரம் காய்வதற்குள் ஓடத் தொடங்கின.
ஆகஸ்டில் சோளக்காட்டில் விட்டோம்.
திரும்பிப் பார்க்கவே இல்லை, நல்லது.

நவம்பரில் பேருந்து நிறைய இத்தாலியர்கள்,
தோல் பூட்ஸ், தேய்த்த துப்பாக்கி.
எனக்கு ஒரு கோல் கொடுத்தார்கள்.
வரிசையாக நடந்து, தட்டையைத் தட்டி,
பறவைகளை அவர்கள் பக்கம் எழுப்புகிற வேலை.
நாளுக்கு எண்பது ஃபோரின்ட், ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்.
இந்தக் கணக்கிலும் என் கையெழுத்து.

சுடுவது சேவலை மட்டும். அதுதான் சட்டம்.
பனியும் நரியும் சட்டம் படித்ததில்லை.
கூண்டில் பத்து வருஷம்கூட இருக்கும் என்பாள் எதெல்கா,
வெளியில் இரண்டாவது ஜூனைக் காண்பது
பத்தில் ஒன்றோ இரண்டோ.

நாலாம் வரிசையில் என் பூட்ஸ் நுனியில்
ஒரு பெட்டை ஒட்டிக் கிடந்தது.
கண் திறந்திருந்தது.
பறந்துவிடு என்று ஜூனில் சங்கிலி கட்டியவன் நான்.
இப்போது காலைத் தூக்கி, தாண்டி வைத்து,
இரண்டடி தள்ளித் தட்டினேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

மே மாதம். கிழக்கே எங்கோ இடி.
இடிக்கு ஃபெசன்ட் சேவல்கள் பதில் சொல்லும்,
கரகரத்த இரண்டு கூவல், பின் இறக்கைப் படபடப்பு.
எண்ணினேன். ஏழு.
மசால் முழங்காலுக்கு வந்துவிட்டது.
நாளைக்குச் சங்கிலிகளுக்கு எண்ணெய் போட வேண்டும்.