முந்நூற்று நாற்பது கிராம்

எங்கள் பள்ளியில் சமதளம் என்று ஓர் இடம் கிடையாது.
எடை எந்திரத்தை வராந்தாவில் வைத்தால் முப்பது,
படிக்கட்டடியில் வைத்தால் இருபத்தெட்டு,
ஒரே பிள்ளைக்கு.
கடைசியில் உடைந்த பெஞ்சுப் பலகை ஒன்றைக் கிடத்தி
ஒரு முனைக்கடியில்
பழைய வருகைப் பதிவேட்டைச் செருகி
பூமியை ஒருமாதிரி நேராக்கினோம்.

பூம்பாறை, ஏழாம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்.
பூண்டு பிடுங்கும் வாரம்.
வந்தது முப்பத்து மூன்று.
படிவத்தில் பதினேழு கட்டம்:
உயரம், பல், காது,
கீழிமையை இழுத்தால் உள்ளே சிவப்பா வெளுப்பா,
மாத்திரை விழுங்கினானா அல்லது
கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு போனானா.
நான் தமிழ் நடத்துகிறவள். இன்றைக்கு எழுத்தர்.

கண்ணுக்கு ஆறு மீட்டர் வேண்டுமாம்.
டேப் பிடித்துச் சாக்பீஸில் கோடு போட்டோம்.
வேலப்பன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோட்டில் நின்றான்.
அந்நேரம் பார்த்து ஜன்னல் வழியே மஞ்சு ஏறி வந்து
அவனுக்கும் எழுத்துக்கும் நடுவில் நின்றுகொண்டது.
"என்ன தெரியுது?"
"வெள்ளையாத் தெரியுது சார்."
டாக்டர் அன்வர்தீன் வத்தலக்குண்டுக்காரர்.
பேனாவை மூடிவைத்து,
மஞ்சு நகரும்வரை
கைகளைத் தொடைக்கடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

நகர்ந்தது.
"இப்ப?"
"இப்பவும் அப்படித்தான் சார்."

இரண்டு வருடம் அவனை,
போர்டைப் பார்த்து எழுதாமல்
பக்கத்து நோட்டைப் பார்க்கிறான் என்று
வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.
'கண்ணாடி தேவை' என்று எழுதினேன்.
மற்றதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

நர்ஸ் ஜெசிந்தா வரிசையை நகர்த்தினாள்.
ஸ்வெட்டரைக் கழற்று, செருப்பை விடு, ஏறு, இறங்கு.
மேசைமேல் மெரூன் ஸ்வெட்டர்கள் குவிந்தன,
ஈரமும் விறகுப் புகையும் கலந்த வாசனையோடு.
கௌசிகா கழற்றவில்லை.
கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள்.
"குளிருது மிஸ்."
எல்லாருக்கும்தான் குளிர்ந்தது.
"அடுத்த வாரம் போட்டுக்கறேன் மிஸ்."
கழுத்தருகே காலர் மட்டும் தெரிந்தது,
வெளேரென்று, இஸ்திரி மடிப்போடு.
அந்தக் காலருக்குக் கீழே
எவ்வளவு சட்டை மிச்சமிருந்தது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜெசிந்தா இருபது வருடமாக
பிள்ளைகளின் கையைச் சுருட்டி ஊசி போட்டவள்.
என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.
"நீ அப்படியே ஏறு தாயி."
இருபத்தெட்டு.

சுவரில் ஒட்டிய அட்டையில்
அவள் வயதுக்கும் உயரத்துக்கும் நேரே
கோடு சரியாக இருபத்தெட்டில்தான் ஓடியது.
மேலே இருந்தால் வீட்டுக்குப் போகலாம்.
கீழே இருந்தால்
ரத்தம் எடுப்பார்கள், மாத்திரை தருவார்கள்,
மாதம் ஒருமுறை கூப்பிட்டு விசாரிப்பார்கள்.
அந்த ஸ்வெட்டர் அவளைக் கோட்டின்மேல் நிற்கவைத்திருந்தது.

ஜெசிந்தா குவியலில் கைவிட்டு
அதே கடை, அதே அளவில் ஒன்றை உருவிக்கொண்டு
அறிவியல் அறைக்குப் போனாள்.
தராசில் போட்டாள். படிக்கல் ஒவ்வொன்றாய் வைத்தாள்.
முந்நூற்று நாற்பது கிராம்.
சட்டைப் பித்தானையும் கழிக்கலாமா என்று
ஒருகணம் யோசித்தமாதிரி இருந்தது.

முப்பத்திரண்டு பேருக்கு முழு எண்.
இவள் பெயருக்கு நேரே 27.660.
டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு துல்லியம்?"
"அவ ஏறுனப்ப மிஷின் நல்லா வேலை செஞ்சுது சார்"
என்றாள் ஜெசிந்தா.
அவர் சிவப்பு மையில் சுழித்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு ஜீப் இறங்கியது.
ஸ்வெட்டர்கள் மாறிப்போய் ஒரே கூச்சல்.
வேலப்பன் எவனுடையதையோ மாட்டிக்கொண்டு
மணிக்கட்டு தெரிய என்னிடம் வந்தான்.
"மிஸ், கண்ணாடி போட்டா மஞ்சு தெரியாமப் போயிருமா?"
"இல்லடா. மஞ்சும் நல்லாத் தெரியும்."
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப எதுக்கு மிஸ்?"