கடித்த இடம்

காலை எட்டரைக்கு அட்டை எழுதத் தொடங்குவேன்.
பெயர். வயது. கடித்த இடம்.
வீட்டு நாயா, றோட்டு நாயா.
நாய் உயிரோடு உள்ளதா.
பெரியாஸ்பத்திரியில்
நாய்க்கடிக்கு ஊசி போடும் அறை,
ஒரு கால் ஆடும் மேசை,
நூலில் கட்டிய நீலப் பேனை.

கெண்டைக்கால் என்ற சொல்லை
இந்த வருடம் மட்டும் எத்தனை தரம் எழுதியிருப்பேன்!
சைக்கிளில் வருகிறவர்களுக்கெல்லாம் கெண்டைக்கால்தான்.
அதிலும் வலது.
ஏன் வலது என்று டொக்டரைக் கேட்டேன்.
"நாயைத்தான் கேக்க வேணும்" என்றார்.

வரிசையில் நிற்கும்போதே
ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.
காலிரண்டையும் தூக்கி ஹாண்டிலில் வை என்றார்
மீன் விற்கும் மரியநாயகம்.
வைத்தவர்தான்.
மதகில் விழுந்து முழங்கையிலும் தையல்.
குனிந்து கல் எடுக்கிற மாதிரிச் செய்தால் காணும் என்றாள்
ரியூசனுக்குப் போய் வந்த பெட்டை.
"காப்பெற் றோட்டிலை கல்லுக்கு எங்கை போறது மிஸ்,
நாய்க்கும் அது விளங்கீற்றுது" என்று
அவளே பிறகு சிரித்தாள், கண்ணீரோடு.
பம்பைக் கழற்றிக் கையில் வைத்திரு.
மாரி பிஸ்கற் எறி.
பேசாமல் ஒரு ஸ்கூட்டி எடு.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு
அடுத்த ஊசிக்குத் திகதி போடுவேன்.

ஐந்து மணிக்கு
நானும் ஒரு சைக்கிள்காரி.

கல்வியங்காட்டுச் சந்தி தாண்டி
இருபாலைப் பக்கம் திரும்பும் ஒழுங்கையில்
லேத் பட்டறை வாசலில் அது படுத்திருக்கும்.
செம்மண் நிறம். ஒரு காது மடிப்பு.
பின்னங்கால் ஒன்று இல்லை.
மூன்று காலால் இது என்னத்தைத் துரத்தும் என்று
முதல் நாள் நினைத்தேன்.
மூன்று காலுக்கு அது கூடின வேகம்.
கெந்திக் கெந்தி வந்து
பின் சில்லின் காதுக்குள்
ஏதோ கடன் பாக்கி கேட்பதுபோல் குரைத்தது.
அட்டை எழுதுகிறவளை நாய் கடித்தால்
அவளுடைய அட்டையை ஆர் எழுதுவது?
அதைத்தான் யோசித்தேன்.
மிதித்தேன்,
வெறும் சாப்பாட்டுப் பெட்டி
கூடைக்குள் துள்ளத் துள்ள.

"கால் ஒரு வானுக்குக் கீழை போனது,
அதிலையிருந்து சில்லெண்டால் விசர்" என்றான்
பட்டறைக்காரன் கஜமுகன்.
"பிறக்கேக்கையே இப்பிடித்தான்" என்றாள் மனைவி, உள்ளிருந்து.
என் அட்டையில் இரண்டுக்கும் இடமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட கையோடு
செயின் கழன்றது.
சரியாக அந்த இடத்தில்.
இறங்கினேன்.
சைக்கிளை இடையில் பிடித்தேன், வேலிமாதிரி.
வந்தது.
வந்த வேகத்தில் நின்றது.
சில்லைப் பார்த்தது. சில்லு சுற்றவில்லை.
என்னைப் பார்த்தது,
இவ்வளவு நாளும் என்னைக் கண்டிராததுபோல்.

துரத்தத் தெரியும் அதற்கு.
பிடித்தபின் என்ன செய்வதென்று தெரியாது.

"போ அங்காலை" என்றேன்.
"அடுத்தாள்" என்று கூப்பிடும்
என் ஆஸ்பத்திரிக் குரல்தான் வந்தது.
அது குந்தியது.
காதைச் சொறிய இல்லாத காலைத் தூக்கியது.
தொடை மட்டும் விறுவிறு என்று ஆடியது காற்றில்.
காது
தன்பாட்டில் காத்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அந்த இடத்தில் இறங்கித்தான் போகிறேன்.
நாற்பது எட்டு இருக்கும்.
பயத்தினாலோ என்று கேட்டால்
ஓம், பயத்தினாலும்தான்.

நேற்று வரிசையில் கஜமுகன்.
பெடியனின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுற்றினானாம்.
அவ்வளவுதான்.
கடித்த இடம்: இடது மணிக்கட்டு.
எழுதிவிட்டு ஒருமுறை பார்த்தேன்,
புதுச் சொல் ஒன்று படித்ததுபோல்.
வீட்டு நாயா, றோட்டு நாயா?
கூரையைப் பார்த்தான்.
"அது... பட்டறையிலை நிக்கிற நாய்."
அட்டையில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

நாய் உயிரோடு உள்ளதா?
பேனை அங்கேயே நின்றது.
"இருக்கு, இருக்கு" என்றான் அவசரமாக.
"வரேக்கை மனிசி சோறு வைச்சுக்கொண்டு நிண்டவ."